கட்டைவிரல் இல்லாத கை

செவ்வாய்க்கிழமை மாலை. ஜொகூர் பாருவின் தம்போயில் ஒரு வரிசை வீடு.

வெள்ளிக்கிழமையோடு வாசுகி அந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. காரணம் எளிமையானது. மூன்று வருடங்களுக்கு முன் இறந்துபோன கோமளா, வாசுகியின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தாள்.

கோமளா, திருச்செல்வத்தின் முதல் மனைவி. வாசுகி இரண்டாவது. வெள்ளிக்கிழமை சிம்பாங் ரெங்கத்திலிருந்து வேலு சாமி வந்து ஆவியிடம் பேசுவார். பேச்சுவார்த்தை முறிந்தால் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வாசுகி பொந்தியானுக்கு, அம்மா வீட்டுக்கு. மாமியார் கிருஷ்ணம்மா இரண்டுக்கும் தயாராக இருந்தார். எலுமிச்சம்பழமும் வாங்கியாயிற்று, வாசுகியின் துணிகளும் மடித்தாயிற்று.

விசாரிக்க வந்தவள் மலர். வாசுகியின் பெரியம்மா மகள். ஜொகூர் பாருவில் போலீஸ் சார்ஜன். திருட்டு, வழிப்பறி என்று பழகியவள். இறந்தவர் மேல் புகார் வருவது இதுதான் முதல் தடவை.

"எனக்குப் போக வேணாம்க்கா," என்றாள் வாசுகி. "அவர் நல்லவரு. நான் போயிட்டா அவருக்கு யாரு இருக்கா?"

"முதல்ல கழுத்தைக் காட்டு."

வலது பக்கம் மட்டும் நான்கு சிவந்த கோடுகள், நான்கு விரல்களைப் போல. பிடரியில், தாலிச் சங்கிலி உரசும் இடத்தில் மெலிதாகத் தொடங்கி, தாடைக்குக் கீழே வந்து தடித்து நின்றன. அங்கே தோல் சின்னச் சின்னக் கொப்புளமாக நீர் கோத்திருந்தது.

"வலிக்குதா?"

"அரிக்குது. உயிர் போற மாதிரி."

"முதல்ல எப்படி ஆரம்பிச்சுச்சு?"

"சங்கிலி பட்டுச் சின்னதா ஒரு தடிப்பு. அப்புறம்தான் இந்தக் கை. விடியறதுக்கு முன்னாடி, தூக்கத்துல, ஜில்லுன்னு விரல் படும்க்கா. கண்ணைத் திறந்தா யாரும் இருக்க மாட்டாங்க. கழுத்து பிசுபிசுன்னு இருக்கும்."

"உன் வீட்டுக்காரர்?"

"அவரு சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிடுவாரு. அந்நேரம் எல்லைப் பாலத்துல ஜாம்ல நிப்பாரு."

மலர் கிருஷ்ணம்மா பக்கம் திரும்பினாள். "ஆண்ட்டி, கட்டைவிரல் எங்க?"

"என்ன?"

"நாலு விரல் இருக்கு. நெரிச்சா அந்தப் பக்கம் கட்டைவிரல் பதியணும்."

"அலமாக், பேய்க்கு எதுக்கும்மா கட்டைவிரல்?"

நியாயமான கேள்வி. மலர் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"இவ அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப?"

"ஒரு வாரம் இருந்தா. எல்லாம் மறைஞ்சுடுச்சு. திரும்பி வந்தா, மறுபடியும். இந்த வீட்லதான் அவ இருக்கா. நான் வேற தினமும் இவ நெத்தியில திருநீறு பூசுறேன், ஒரு பிரயோஜனமும் இல்ல."

மலர் நெற்றியைப் பார்த்தாள். திருநீற்றுக்கு அடியில் தோல் சிவக்காமல், தடிக்காமல் இருந்தது. மாமியாரின் விரல்களால் கெடுதல் இல்லை.

தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். கதவுத் தட்டில், தயிருக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் குழாய். அடியிலிருந்து பாதி வரை சுருட்டியிருந்தது.

"என் கைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது," என்றார் கிருஷ்ணம்மா. "பாத்திர சோப்பு பட்டுக் கை வெடிச்சு, சீழ் வெச்சு. யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"கை இப்ப நல்லாதானே இருக்கு?"

"ஆறி ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் குழாய் ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?"

கிருஷ்ணம்மா யோசித்தார். குரலைத் தாழ்த்தினார். "கோமளாதான் எடுக்கிறாளோ?"

"இருக்கலாம். இது என்கிட்ட இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லாதீங்க. யாராவது தேடினா மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க."

புதன்கிழமை மலர் தங்கையைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் அந்தக் களிம்பில் ஒரு துளி எடுத்து வாசுகியின் முதுகில் வைத்து ஒட்டுப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை ஒட்டைப் பிரித்தார்கள். துளி வைத்த இடம் வட்டமாகச் சிவந்து, தடித்து, அரித்தது. கழுத்தில் புதிய கோடு எதுவும் இல்லை.

வீடு திரும்பியபோது கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். வேலு சாமி எலுமிச்சம்பழங்களோடு உட்கார்ந்திருந்தார். திருச்செல்வம் சீருடையைக்கூட மாற்றாமல் சுவரோரம் நின்றான்.

"பேய் முதுகை நெரிக்காது சாமி," என்றாள் மலர். "இந்த மூணு நாளா குழாய் என் பையில. கோமளாவும் லீவு."

"அப்படின்னா?" என்றார் சாமி, தொழில் கவலையோடு.

"இந்தக் குழாய்ல ரெண்டு மருந்து. ஒண்ணு அரிப்பையும் வீக்கத்தையும் அடக்கும். இன்னொண்ணு கிருமியைக் கொல்லும். அந்த ரெண்டாவது, சில பேர் தோலுக்கு ஆகாது. இவளுக்கு ஆகல. ஆண்ட்டி கைக்கு எழுதினதை இவ கழுத்துல பூசியிருக்காங்க. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த மருந்து, அதான் ஜில்லுன்னு இருந்துச்சு. பூசின கைக்குக் கட்டைவிரல் வேண்டியதில்ல, நாலு விரல் போதும். ஆண்ட்டி, குழாயை யார் தேடினாங்க?"

"யாரும் இல்லையே. இவன்தான் புதன்கிழமை…" கிருஷ்ணம்மாவின் வாய் பாதியில் நின்றது. மகனின் கையைப் பார்த்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"தம்பி," என்றாள் மலர்.

திருச்செல்வம் தலை நிமிரவில்லை. "சங்கிலி பட்டுச் சிவந்திருந்துச்சு. அம்மா மருந்தைத் தொட்டா கத்துவாங்க, அதான் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பூசினேன். அப்புறம் விரல் தடம் வந்துச்சு. கோமளான்னு சொன்னாங்க. பயந்து இன்னும் நிறையப் பூசினேன்."

"பேய் நெரிச்ச இடத்துல நீங்க மருந்து போட்டீங்க. நீங்க மருந்து போட்ட இடத்துல பேய் நெரிச்சுச்சு."

வேலு சாமி எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். கிருஷ்ணம்மா அவரைத் தடுக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல," என்றாள் மலர். "தடிப்பு பிடரியில. கை ஏன் தாடைக்குக் கீழ வந்து அவ்வளவு நேரம் நின்னுச்சு?"

திருச்செல்வம் தன் விரல்களைப் பார்த்தான். வீட்டில் யாரோ இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருப்பது போல் இருந்தது.

"நாடி பார்த்தேன்," என்றான். "கோமளா தூக்கத்துலதான் போனா. காலையில நான் எழுப்பினேன். எழுப்பிக்கிட்டே இருந்தேன். இப்ப இவளை எழுப்ப எனக்குப் பயம். துடிக்குதான்னு மட்டும் பார்த்துட்டுப் போயிடுவேன்."

கிருஷ்ணம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாசுகி எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்குக் கிளம்புறப்ப என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க," என்றாள். "என்னான்னு கேப்பேன்."