சிரிக்காத படம்

“பல்லு தெரியக் கூடாது மக்கா. சோகமா இரு,” என்றார் ரியாஸ் அண்ணன்.

கோமதி வாயை மூடினாள். சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் சாலையோரம், அறுத்து முடித்த சோளக்காட்டில் அவள் நின்றாள். வானம் மூட்டமாகக் கிடந்தது. சுற்றிலும் கரிசல் மண், பின்னால் ஒற்றை உடைமரம்.

மரத்தடியில் தம்பி மகாராஜா ஓர் ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு நான்கு வயது. பேர்தான் மகாராஜா, கால்சட்டையில் பொத்தானுக்குப் பதில் ஊக்கு.

ரியாஸ் அண்ணனுக்குக் கடையநல்லூர். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். அங்கே எல்லாரையும் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சுவாராம். இப்போது சென்னையில் ஒரு போட்டி. கறுப்பு வெள்ளைப் படம், தலைப்பு ‘தனிமை’. அதனால் ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை ஒன்று வேண்டும், அது சிரிக்கவும் கூடாது. ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகள் சிரித்தால் போட்டிக்காரர்களுக்கு என்ன கெட்டுப்போகும் என்று யாரும் கேட்கவில்லை.

அப்பா துரைப்பாண்டி சரியென்று சொல்லிவிட்டு, பெரிய ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஓடைப்பக்கம் போயிருந்தார்.

கோமதிக்குச் சோகத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அம்மா சீனியம்மாள் போன ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துபோனாள். அதை நினைத்தால் போதும், முகம் தானாக அப்படி ஆகிவிடும். நினைத்தாள். கேமரா படக் படக்கென்றது.

ரியாஸ் அண்ணன் மகிழ்ந்துபோய், எடுத்த படத்தைக் கேமராவிலேயே காட்டினார்.

கோமதிக்குத் திக்கென்றது. இறுக மூடிய வாய். விரிந்த கண்கள். கறுப்பும் வெள்ளையுமாக இதே முகத்தை அவள் தினமும் வீட்டுச் சுவரில் பார்க்கிறாள்.

அது அம்மாவின் படம். அம்மா சிரித்த படங்களெல்லாம் அப்பாவின் செல்போனில் இருந்தன. அது ஆட்டுத் தொட்டித் தண்ணீரில் விழுந்தது, படங்களும் போயின. மிச்சம் இருந்தது அடையாள அட்டைப் படம் மட்டும்தான். அதைப் பெரிதாக்கித் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைத்தார்கள். அதையே கறுப்பு வெள்ளையில் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார்கள்.

அந்தப் படம் எடுத்த அன்று கோமதியும் கூடப் போயிருந்தாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் வழக்கம்போலச் சிரித்தாள். அவள் சிரித்தால் தெத்துப்பல்தான் முதலில் எட்டிப் பார்க்கும். பல் தெரியக் கூடாது, சிரிக்காதீங்க என்று அட்டைக்குப் படம் எடுத்தவர் அதட்டினார். அம்மா வாயை இறுக்கிக்கொண்டு கண்ணை விரித்தாள். வெளியே வந்ததும், திருட்டு முழி முழித்துவிட்டேனே என்று பேருந்து நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பை யாரும் படம் எடுக்கவில்லை.

மகாராஜாவுக்கு அந்தப் படம் பயம். அம்மா தன்னை ஏசுகிறாள் என்பான். சாப்பிடும்போது அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். அம்மா சிரித்தது அவனுக்கு மறந்தே போய்விட்டது.

இன்னும் ஒன்று எடுக்கலாமா என்று கேட்டார் ரியாஸ் அண்ணன்.

“எடுங்க. ஆனா நான் சிரிப்பேன்.”

“ஏட்டி, தலைப்பு தனிமை. அந்த ஆட்டுக்குட்டிகூடச் சிரிக்காம நிக்கு பாரு.”

“எங்க அம்மாட்டயும் சிரிக்காதன்னுதான் சொன்னாவ,” என்றாள் கோமதி. “இப்போ எங்க வீட்டுல சிரிக்காத அம்மா மட்டுந்தான் இருக்கா. தம்பி பயப்படுதான்.”

ரியாஸ் அண்ணன் கேமராவை இறக்கினார்.

உடைமரக் கிளையில் அப்பாவின் துண்டு தொங்கியது. கோமதி அதை எடுத்து, அம்மா காட்டு வேலைக்குப் போகும்போது கட்டுவதுபோலத் தலையில் சுற்றினாள். ஒரு முனையைக் காதோரம் தொங்கவிட்டாள்.

“கறுப்பு வெள்ளையிலயே எடுங்க அண்ணே. அம்மா படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்.”

ஆனால் சிரிப்பு வரவில்லை. வாயைத் திறந்தால் உதடு நடுங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

அப்போது ஆட்டுக்குட்டி காதை உருவிக்கொண்டு ஓடியது. பின்னாலேயே ஓடிய மகாராஜாவின் ஊக்கு கழன்றது. கால்சட்டை முழங்காலுக்கு இறங்கியது. அவன் அப்படியே நின்று, ஆட்டுக்குட்டி வேண்டுமா கால்சட்டை வேண்டுமா என்று யோசித்தான்.

“ஏலே ராசா, மானம் போவுது,” என்றார் ரியாஸ் அண்ணன்.

கோமதி சிரித்துவிட்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிய, தெத்துப்பல் முதலில் எட்டிப் பார்த்தது. கேமரா ஒரே ஒரு தடவை படக்கென்றது.

அடுத்த வாரம் ரியாஸ் அண்ணன் படத்தைச் சட்டம் போட்டே கொண்டுவந்தார். போட்டிக்கும் இதைத்தான் அனுப்பினாராம். தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறேன் என்றார்.

அப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். ஆணி எடுத்து வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்தை இறந்தவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்பா வந்து ஆணியை அடித்தார்.

மகாராஜா அண்ணாந்து பார்த்தான்.

“அக்கா, இது அம்மாவா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது கோமதிக்கு. சொல்லவில்லை.

“நாந்தாம்ல.”

அவன் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அம்மா சிரிச்சா உன்ன மாதிரியா இருப்பா?”

“இல்லலே. நான் சிரிச்சா அம்மா மாதிரி இருப்பேன்.”

அன்று சாயங்காலம் மகாராஜா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான்.