வளைவின் இரு கால்கள்

சுகந்தியின் நெற்றி குளிர்ந்திருந்தது. உள்ளங்கால்கள் மட்டும் சுட்டன.

காய்ச்சல் தலையில் தொடங்கும் என்றே கீதா அறிந்திருந்தாள். ஆறு வயது மகளின் பாதங்களை மடியில் ஏந்தி, தோசைக்கல்லைத் தவறித் தொட்டவள்போல விரல்களைச் சட்டென்று இழுத்துக்கொண்ட அந்த வெள்ளிக்கிழமை மாலையில், தான் அறிந்ததன் மேல் அவளுக்கு முதல் ஐயம் எழுந்தது. காந்திபுரத்து மருத்துவர் அக்குளில் வெப்பமானியை வைத்துப் பார்த்து, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார். அன்று உறக்கத்தில் கணவர் கிருபாசங்கரின் பாதம் அவள் கணுக்காலில் பட்டது. அதுவும் சுட்டது.

அவர் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். அந்த ஆண்டுப் பங்குனியில், அதாவது 1991இல், சூரியன் ஓயாமல் வெடித்துக்கொண்டிருந்தது. வடவள்ளி வீட்டு மாடியறையில் கிழக்குச் சன்னலைப் பலகையால் அடைத்து, பலகையில் துளையிட்டு, லென்ஸ் ஒன்றைப் பொருத்தி, எதிர்ச்சுவரில் வெள்ளைச் சென்னிமலைப் போர்வையை விறைப்பாக ஆணியடித்திருந்தார். இருட்டறைக்குள் சாப்பாட்டுத் தட்டளவில் சூரியன் அதில் வந்து விழும். தகப்பனும் மகளும் வாரக் கணக்கில் அதன் முன்னே நின்றார்கள்.

சனிக்கிழமை காலை காப்பியோடு மாடியேறிய கீதா, போர்வைச் சூரியனின் விளிம்பில் மெல்லிய வளைவொன்று எழுந்து நிற்பதைக் கண்டாள்.

"இந்த லென்ஸ்ல கரும்புள்ளி மட்டுந்தான் தெரியோணும் கீதா. வளைவு தெரியவே கூடாது. தெரியுது பாரு!" அவர் குரலில் அச்சமில்லை. அதுவே அவளை அச்சுறுத்தியது.

"அது என்னப்பா?" என்றாள் சுகந்தி.

"எல்லாரும் சூடு கீழருந்து மேல போகுதுன்னு நெனைக்கறாங்க கண்ணு. வெடிக்கறது மேலதான். அங்கருந்து சூடு காந்தக் கோடு வழியா எறங்கி, வளைவோட ரெண்டு காலையும் சுடும். சுட்ட எடம் கோடி டிகிரிக்குக் கொதிச்சு, ஆவியாகி, மேல ஏறி அந்த வளைவையே நெறச்சுப்போடும்."

"உங்க சூரியனுக்குக் கால் வேற இருக்குதாக்கும்" என்றாள் கீதா.

"ஒத்தக் கால்ல வளைவு நிக்குமா? ரெண்டு வேணும்."

"மேல போனது அப்பறம் எங்கப்பா போகும்?"

"ஆறுனா, மழையாட்டப் பேஞ்சு கீழயே எறங்கிரும்."

கீதா தரையைப் பார்த்தாள். வெறுங்காலோடு இருவரும் நின்ற இடங்களில் சிமெண்டு நிறம் மாறியிருந்தது.

பக்கத்து வீட்டு மாசாணியம்மாள் செய்தியைக் கேட்டு வியக்கவில்லை. "அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒரே எடத்துல சுடுதுன்னா அது கண்ணுதானுங்க அம்மணி. ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வெச்சுச் சுத்திப்போடுங்க. தனித்தனியாச் சுத்துனா, ஒருத்தர உட்டு இன்னொருத்தருகிட்டப் போயிக்கும்."

"அவரு இதையெல்லாம் ஒத்துக்க மாட்டாருங்களே."

"வாத்தியாருக்கு மட்டும் கண்ணு படாதுங்களா? அவருகிட்டச் சொல்லாதீங்க. செஞ்சுபோடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே சமையலறையில் சிற்றலை வானொலி பாடிக்கொண்டிருந்தது. கல்லுப்பையும் வரமிளகாயையும் கைக்குள் பொத்திக்கொண்டு கீதா மாடியேறினாள். படிகளிலேயே இஸ்திரிப்பெட்டியின் சூட்டு வாடை அடித்தது.

"ஏனுங்க, கொஞ்சம் இப்படி நில்லுங்க. கெழக்கப் பாத்து. சுகந்தி, நீ அப்பாவுக்குப் பக்கத்துல நில்லு சாமி, கண்ணை மூடிக்கோ."

"மிளகாய் கொண்டாந்துட்டியா?" அவர் சிரித்தார். "சீக்கிரம் சுத்து. வளைவு பெருசாயிட்டு வருது."

சன்னலை நோக்கி அவர்களை அவளே திருப்பினாள். இடையே ஒரு முழம் இடைவெளி விட்டு அவளே நிறுத்தினாள். போர்வையில் விழுந்துகொண்டிருந்த ஒளி இப்போது அவர்கள் மீது விழுந்தது. வலமாக மூன்று முறை, இடமாக மூன்று முறை கையைச் சுற்றினாள். காலடி மண் எடுக்க வேண்டும் என்பது முறை. குனிந்து, அவர்கள் பாதத்தின் அடியில் தரையை விரலால் வழித்தாள்.

விரல்நுனி பொரிந்தது.

கீழே வானொலி நின்றது. பாட்டின் நடுவே. இரைச்சல்கூட இல்லை.

நிமிர்ந்தாள். இருவர் தலைக்கும் மேலே, விட்டத்துக்குச் சற்றுக் கீழே, நூலிழை போல ஓர் ஒளி. அதன் ஒரு முனை அவருடைய தோள் வழியாக இறங்கியது. மறுமுனை மகளின் தோள் வழியாக. இறங்கிப் பாதங்களைத் தொட்டது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தனித்தனியே இருந்தவரை அவை வெறும் கால்கள். வளைவுக்கு இரண்டு வேண்டும். சேர்த்து நிறுத்தியவள் அவள்.

"சுகந்தி! வெளிய வா! வா!"

"அம்மா, கால் கூசுது" என்றாள் குழந்தை. சிரித்தாள்.

இழுத்தாள். கையில் கவுனின் கை மட்டும் வந்தது.

பாதங்கள் வெண்ணிறமாயின. பிறகு இல்லை. முழங்கால் இல்லை. ஓசையின்றி, புகையின்றி, இரண்டு பேரும் அடியிலிருந்து கரைந்து மேலே ஏறினார்கள். நூலிழை கயிறாயிற்று. கயிறு தூணாயிற்று. உச்சியில், இரு பக்கத்திலிருந்தும் ஏறியவை ஒன்றில் ஒன்று பாய்ந்தன.

தரையில் வேட்டி. தரையில் கவுன்.

வளைவு நிறைந்து நின்றது.

ஆறினால் இறங்கிவிடும். அவர் சொன்னார். மழையாக. ஆற வேண்டும். அவள் மின்விசிறியின் சுவிட்சைத் தட்டினாள். முழு வேகத்தில் வைத்தாள். மூலையிலிருந்த குடத்தைத் தூக்கி வளைவின் மேல் ஊற்றினாள். முந்தானையை எடுத்து விசிறினாள். கை ஓய்ந்தது. விசிறினாள். "எறங்குங்க. எறங்கி வந்துருங்க. சாமி, எறங்கு கண்ணு."

வெண்மை மஞ்சளாயிற்று. மஞ்சள் சிவந்தது.

முதல் துளி விழுந்தது. மகள் நின்ற இடத்தில்.

துளிகள் இரு கால் வழியாகவும் இறங்கின. மகளின் பக்கத்தில் சிறிய பாதம் ஒன்று உருவாயிற்று. வெள்ளிக் கொலுசோடு. கீதா வாய்விட்டு அழுதாள். எல்லாத் தெய்வங்களுக்கும் நன்றி சொன்னாள்.

அதன் பக்கத்தில் இரண்டாவது பாதம் உருவாயிற்று. அது பெரியது.

அதன் மேல், கருமயிர் அடர்ந்த முழங்கால். அதன் மேல், பிள்ளையின் வயிறு. துளிகள் நிற்கவில்லை. கழுத்து வந்தது. மீசை வந்தது. மீசைக்குக் கீழே பால்பற்கள் வந்தன. எதிர்ப்பக்கத்திலும் ஏதோ முடியும் தறுவாயில் இருந்தது. அங்கே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

"அம்மா" என்றது ஒன்று. "கீதா" என்றது அதே வாய்.

இரண்டும் அவளை நோக்கிக் கைகளை நீட்டின. அந்த நான்கு கைகளில் ஓர் இணைகூட ஒத்திருக்கவில்லை.