உம் கொட்ட ஓர் ஆள்

அன்றிரவு அவள் ஒரு 'ம்' சொல்லத் தவறிவிட்டாள். கண் செருகிப்போன நேரம். வழக்கமாக அந்த இடத்தில் அவன் கதையை நிறுத்தி, "தூங்கிட்டியா?" என்று கேட்டு, பதில் வராவிட்டால் ஒரு பெருமூச்சோடு புரண்டு படுப்பான். அன்று நிறுத்தவில்லை. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பல் டாக்டரின் கதை, இருட்டில், தடங்கலே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பகலில் வாயைத் திறக்காத மனுஷன். மேலதிகாரியிடம் பேசத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு தலையாட்டலோடு சரி. விளக்கை அணைத்தால் மட்டும் மடை திறந்துவிடும். எந்தக் கட்டடத்தில் எந்தக் கம்பிவடம் தேய்ந்தது, கதவு திறக்காமல் அழுதவர் யார், திறந்த பிறகு அழுதவர் யார், எல்லாம் வரும். நடுநடுவே ஒரு 'ம்' போட வேண்டும், அவ்வளவுதான். அது வராவிட்டால் கதை நின்றுவிடும். ஒன்பது வருடக் குடித்தனத்தில் அவளுக்கு இதில் ஒரு ரகசியமான கர்வம் இருந்தது. ஊருக்கெல்லாம் ஊமையாக இருக்கிறவன் தன்னிடம் மட்டும் பேசுகிறான் என்றால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது?

கண்ணைத் திறந்தாள். பல் டாக்டர் லிஃப்டுக்குள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார் என்று சொல்லி அவன் மூச்சு விட்டான். அந்த இடைவெளியில் ஜன்னலோரக் கூண்டிலிருந்து 'கர்ரக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவன் மேலே தொடர்ந்தான். எலி பல்லைக் கடித்துக்கொள்கிற சத்தம் அது.

எலி வீட்டுக்கு வந்து மூன்று மாதம் இருக்கும். ஏதோ ஒரு பழைய அலுவலகத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தபோது, காலி கிரீஸ் டப்பாவுக்குள் கண் திறக்காமல் கிடந்ததாம். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். மருந்து ஊற்றுகிற சொட்டுக்குழாயில் பால் புகட்டினான். அது கண் திறந்த அன்று அவன் முகத்தில் வந்த சிரிப்பை அவள் தன் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை. பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் அதிகாரம் என்று அதற்கு 'மேடம்' என்று பெயர் வைத்தான். விளையாட்டுப் பெயர்தான். ஆனால் "மேடம் சாப்ட்டாச்சா?" என்று அவன் கூண்டின் முன்னால் குழைகிறபோது அவளுக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், எரியத்தான் செய்தது.

விளக்கை அணைத்த பிறகுதான் மேடத்துக்குப் பொழுது விடியும். சக்கரத்தில் ஏறி ஓடுகிற கிறீச் கிறீச். தண்ணீர்ப் புட்டியின் முனையிலிருக்கிற குண்டு நாக்குப் பட்டு உருள்கிற டிக் டிக். மரத்தூளைக் கிளறிக் கிளறி எதையோ தேடுகிற பரபரப்பு. கம்பியைப் பல்லால் இழுத்துவிட, அது நெடுநேரம் அதிர்ந்து அடங்குவது. இதற்கெல்லாம் மேலே, ஈரம் காயாமல் மடித்து வைத்த துணியின் வாடை ஒன்று போர்வைக்குள் வரைக்கும் வந்து படுத்துக்கொள்ளும். சலவைக் கடையில் பத்து மணி நேரம் நின்றபடியே இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவளுக்குத் தூக்கம் எங்கே வரும்? வந்தாலும் வேண்டாத நேரத்தில், அவன் கதை சொல்கிற நேரமாகப் பார்த்து வந்தது.

ஒருநாள் கூண்டைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தாள். அன்றிரவு அவன் படுத்தான், இரண்டு வாக்கியம் பேசினான், நிறுத்தினான். அவள் 'ம்' என்றாள். அவன் எழுந்துபோய்க் கூண்டைத் தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான்.

மறுநாள் இதையெல்லாம் பட்டன் அக்காவிடம் சொன்னாள். சலவைக்கு வரும் துணிகளில் அறுந்த பட்டன் தைப்பவள், அதனால் அந்தப் பெயர். நீராவி புஸ்ஸென்று கிளம்புகிற சத்தத்துக்கு நடுவே முழுக்கக் கேட்டுவிட்டு, பட்டன் அக்கா நூலை அறுத்தாள்.

"இன்னொரு பொம்பளையா இருந்தா முடியப் புடிச்சு ரெண்டு இழு இழுக்கலாம். எலிகிட்ட எதைப் புடிச்சு இழுப்ப?"

"சிரிக்காதீங்கக்கா. அது கேக்குதுக்கா. அவர் நிறுத்துற இடமா பாத்து சத்தம் குடுக்குது."

"எலின்னா பல்லைக் கடிக்கத்தான் செய்யும். ராத்திரி ஒரு காபி குடி. கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டு நாலு உம் கொட்டு. உன் புருஷன் உன் பக்கம் திரும்பிடுவான்."

அன்று காபி குடித்துவிட்டுக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாத கதை. முதல் நிறுத்தத்தில் அவள் வாயெடுப்பதற்குள் கூண்டிலிருந்து வந்துவிட்டது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் விடக்கூடாது என்று, அவன் வாக்கியம் முடிவதற்கு முன்பே "ம்" என்றாள். அவன் தடுமாறிப் பேச்சை விட்டான்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. கேட்டுட்டுதான் இருக்கேன்."

"நீ தூங்கும்மா. நாளெல்லாம் நின்ன காலு. மேடம்தான் கேக்கறாங்களே."

அன்பாகத்தான் சொன்னான். அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருக்கலாம். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் படுத்திருந்தவன் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தான், அவள் ஒட்டுக்கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

அதற்கப்புறம் சத்தம் மாறத் தொடங்கியது. அவன் பேசும் நேரத்தில் சக்கரம் சுற்றவில்லை, தண்ணீர்க் குண்டு உருளவில்லை, மரத்தூள் அசையவில்லை. மிச்சமிருந்த அந்த ஒரே கர்ரக்கிலும் கரகரப்பு ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. ஒரு வாரத்தில் அது பல்லிலிருந்து வரும் சத்தமாக இல்லை. வாயை மூடிக்கொண்டு, தொண்டையிலிருந்து, லேசான தூக்கக் கலக்கத்தோடு, கடைசியில் சற்றே மேலே தூக்கி முடிகிற ஒரு சத்தம். அப்படித் தூக்கி முடிப்பது அவளுடைய பழக்கம்.

"ம்."

எழுந்து உட்கார்ந்தாள். தெருவிளக்கு கூண்டின் கம்பிகளைச் சுவரில் நீளநீளமாக வரைந்திருந்தது. எலி பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்ததை அது கவனிக்கவில்லை. அவனும் கவனிக்கவில்லை. பயம் வந்தது. ஆனால் பயத்துக்கு முன்னால், என்னுடையதை எடுத்துக்கொண்டதே என்கிற ஆத்திரம் வந்துவிட்டது.

கடையில் பட்டன் அக்கா ஏதோ கேட்டாள். அவள் 'ம்' என்றாள். பட்டன் அக்கா ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம ஏன் பல்லை நறநறன்னு கடிக்கற?"

"ம்னு சொன்னேனேக்கா."

"எங்க சொன்ன? உன் பல்லுதான் கேட்டுச்சு. தூக்கம் கெட்டா இப்படித்தான். ஒரு நாள் லீவு போடு."

லீவு போட்டாள். அவன் வேலைக்குக் கிளம்பியதும் கூண்டைச் சலவைப் பைக்குள் இறக்கி முடிச்சுப் போட்டாள். நாலு தெரு தள்ளி, ஆள் இல்லாத ஒரு கிடங்கின் மதிலோரம், மூடி உடைந்த சாக்கடை ஒன்று இருந்தது. அங்கே கூண்டைத் திறந்து கவிழ்த்தாள். எலி கம்பியைப் பிடித்துத் தொங்கியது. உலுக்கினாள். இன்னும் உலுக்கினாள். கீழே எங்கோ தொப்பென்று விழுந்தது.

"போ," என்றாள் குனிந்து. "திரும்பி வந்துடாத."

"ம்," என்றது சாக்கடை இருட்டு.

வீடு வரைக்கும் ஓடினாள். பட்டப்பகல், தெருவில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள், யாரோ திரும்பிப் பார்த்தார்கள். கூண்டைக் கழுவித் துடைத்துப் பரண் மேல் ஏற்றினாள்.

சாயங்காலம் அவனிடம், கூண்டுக் கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது என்றாள். பொய் நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே டார்ச் அடித்துத் தேடினான். "மேடம், மேடம்" என்று அவன் குரல் வீடெல்லாம் சுற்றி வந்தது. நான் காணாமல் போனால் இப்படித் தேடுவானா என்று சமையலறையில் நின்று யோசித்தாள். அப்படி யோசித்ததற்காக வெட்கப்படவும் செய்தாள்.

இரண்டு இரவு கதை இல்லை. மூன்றாம் இரவு, விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து, அவன் தொண்டையைச் செருமினான்.

"இன்னைக்கு ஒரு பள்ளிக்கூடத்துல..."

"ம்," என்றாள் உடனே. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

பிள்ளைகள் எல்லா பட்டனையும் அழுத்திவிட்டு இறங்கி ஓடிவிட்டார்களாம். தலைமை ஆசிரியை மாடிக்கு மாடி நின்று நின்று, ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் வெளியே பார்த்து முறைத்தபடி போய்ச் சேர்ந்தாராம். அவள் உம் கொட்ட வேண்டிய இடத்தில் உம் கொட்டினாள். ஓரிடத்தில் சிரித்தாள், அவனும் சேர்ந்து சிரித்தான். அறையில் வேறு சத்தமே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். அந்த நிம்மதியில் எப்போது தூங்கினாள் என்று தெரியாது.

விழித்தபோது அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

குரல் தாழ்ந்திருந்தது. குழிக்குள் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் தனக்குக் கால் நடுங்கும் என்று சொன்னான். மேலே நிற்கிற லிஃப்ட் தன் தலைக்கு வந்துவிடும் என்று தோன்றுமாம். இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லையாம். அவளிடமும் சொன்னதில்லை. நிறுத்தினான்.

"ம்."

தூக்கத்தில் நான்தான் சொல்லியிருப்பேன், என்று நினைத்தாள். பழக்க தோஷம். உதட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். மூடியிருந்தது. இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ம்."

அவள் குரல். ஜன்னல் பக்கமிருந்து இல்லை. பரண் மேலிருந்தும் இல்லை. பக்கத்திலிருந்து. அவனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அந்தப் பக்கம் சுவர். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் நாலு விரல் இடம். அதற்கு மேல் இல்லை. எப்போதும் மல்லாந்து படுத்துக் கதை சொல்கிறவன், அவளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் கை அசைந்தது. எதையோ வருடியது. மெதுவாக. மேலிருந்து கீழே. நீளமாக.

முழங்கையை ஊன்றி எழுந்தாள். அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

முடி. அவன் விரல்களுக்கு நடுவே. படுக்கப்போகும்போது அவள் போட்ட அதே தளர்ந்த பின்னல். அந்த நாலு விரல் இடத்தில். அதற்குக் கீழே ஒரு கன்னம். பாதி மூடிய ஒரு கண்.

'என்னங்க' என்று கூப்பிட வாயைத் திறந்தாள். பல்லோடு பல் உரசியது. கர்ரக். அவ்வளவுதான் வந்தது.

நாலு விரல் இடத்திலிருந்த கண் முழுதாகத் திறந்தது.

"என்னங்க," என்றது, அவள் குரலில், தூக்கக் கலக்கத்தோடு. "உங்க பின்னாடி என்னமோ சத்தம் போடுது."

அவன் திரும்பவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. எலிதான்."

கையை மட்டும் பின்னால் நீட்டி, அவள் முகத்துக்குப் பக்கத்தில் கட்டில் சட்டத்தை இரண்டு தட்டு தட்டினான். "உஷ்," என்று அதட்டினான். பிறகு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கதையைத் தொடர்ந்தான்.