ஒருபக்கக் குறிகள்

பெயின்ட் இன்னும் காயவில்லை. அசிமினா தொட்டதும் விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது.

வீட்டு மதிலின் மூலைக்கல்லில், கழுதை கட்டும் வளையத்துக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரம். மலை நடைக்கு வருகிறவர்கள் வழி தவறாமல் இருக்கப் பாறைக்குப் பாறை தீட்டி வைப்பார்களே, அந்தக் குறி. அதற்கு இங்கே என்ன வேலை? நடைபாதை சதுக்கத்து மரத்தடியில் கிளம்பி, ஊரின் அந்தக் கோடியாக அல்லவா ஆழமான மலை இடுக்குக்கு இறங்குகிறது? இவள் வீட்டுப் பக்கம் ஆடுகள்கூட ஒதுங்குவதில்லை. புதன்கிழமை மலைத்தேயிலை பறித்துக்கொண்டு ஏறி வரும்போது கீழ் ஊற்றடியில் ஒன்று பார்த்தாள். வியாழன் பரஸ்கேவி சிற்றாலயத்துச் சுவரில். நேற்று அக்ரூட் மரத்தடிக் கல்லில். இன்று வீட்டு மதில். யாரோ ஒருவன் அவள் வாசல் வரைக்கும் துணிச்சலாக வழி போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரினியோ!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

மாடியில் காலடி கேட்டது, இழுப்பறை ஒன்று திறந்து மூடியது, பதில் மட்டும் வரவில்லை.

"ரினியோ!"

"என்னம்மா?"

அவ்வளவுதான், எரிகிற தீயில் எண்ணெய். மாவ்ரோலிதியில் முதல் கூப்பாட்டுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. உயிருள்ளவன் இரண்டாம் தரமும் கூப்பிடுவான். செத்தது ஒரே ஒரு தரம்தான் கூப்பிடும், பதில் சொன்னவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும். பேசத் தெரிந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வளர்க்கிற ஊர். போன அக்டோபரில் அசிமினாவின் கணவன் ஸீஸிஸ் நடக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளப் பாறையில் சங்கிலி அடித்துக் குறி போடக் கயிறு கட்டி இடுக்குக்குள் இறங்கினான். மேலே காவலுக்கு நின்றது ஊர்த்தலைவன் கோஸ்மாஸ். கீழேயிருந்து ஸீஸிஸ் அவன் பெயரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டான். கோஸ்மாஸ் இரண்டாம் கூப்பாட்டுக்காகக் காத்து நின்றான். அது வரவே இல்லை. கயிற்றின் அறுந்த நுனி கிடைத்தது. ஆளும் கிடைக்கவில்லை, ஆளோடு போன பெயின்ட் டப்பாவும் கிடைக்கவில்லை.

வெளிப்படிக்கட்டில் தடதடவென்று ஏறிப்போய் மகளின் மேசையில் ஓங்கி அறைந்தாள் அசிமினா.

"இந்த வீட்ல இனிமே முதல் தடவையே பதில் வரணும். கேக்குதா? உங்கப்பாவைக் கொன்னது பாறை இல்லடி, இந்தப் பாழாப்போன வழக்கம்தான்!"

"சரிம்மா, கத்தாத. முதல் தடவையே சொல்றேன்." இருபது வயதுப் பெண், நாளைய நடைவிழாவுக்குப் பையில் கயிறு சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கயிறை எடுத்து வெளிய வை. நீ இடுக்குக்குள்ள காலை வைக்கிறதுக்கு நான் விடமாட்டேன்."

"பதினாலு பேர் வர்றாங்க. அப்பா போட்ட பாதை. நான் கூட்டிட்டுப் போகாம வேற யாரு போறது?"

"அந்தப் பாதை அவரை எங்க கொண்டுபோய் விட்டுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ஒருத்தரைக் குடுத்தது போதும். உன்னைக் குடுக்க நான் பெக்கல."

ரினியோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பள்ளி விடுமுறைகளில் அப்பாவோடு போய்க் குறி போட்டுப் பழகியவள் அவள். அடிக்கோல் வைத்ததுபோல் அவள் சதுரத்தின் நான்கு ஓரமும் நேராக நிற்கும். ஸீஸிஸுக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் இல்லை, சின்ன வயதில் அரிவாளுக்குக் கொடுத்தது. பிரஷ் பிடி நிற்காமல் அவன் சதுரங்களின் வலது ஓரம் எப்போதும் கீழே இழுபட்டிருக்கும். அதைச் சொல்லி அப்பாவை வாய் ஓயாமல் கேலி செய்வாள்.

காபிக்கடையில் கோஸ்மாஸ் வாசலோரமாகச் சீட்டாடிக்கொண்டிருந்தான். அசிமினா சிவப்பு விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என் வாசல்ல என்னடா கிறுக்கி வச்சிருக்க?"

"நானா? எனக்கு முட்டிவலி, அசிமினா. குனிஞ்சா நிமிர முடியாது. நான் எங்க போய்க் கிறுக்கறது?"

"விழாவுக்கு வர்றவங்க எல்லாரும் செத்தவன் வீட்டைப் பாத்துட்டுப் போகட்டும்னு வழி போடறியா?"

"வெயில் தலைக்கேறிடுச்சு உனக்கு. போய்ப் படு. ரினியோவுக்கு நான் ஞானத்தகப்பன், அந்த மரியாதைக்காகச் சும்மா இருக்கேன்."

"ஞானத்தகப்பனாம்! ஞானமும் கிடையாது, தகப்பனும் கிடையாது. தகப்பன் கூப்பிட்டப்போ காதைப் பொத்திக்கிட்டு நின்னவன்தானே நீ!"

கோஸ்மாஸ் சீட்டைக் கவிழ்த்து வைத்தான். "எந்தக் கல்லுன்னு சொல்லு," என்றான், வேறு குரலில். "பெயின்ட் டப்பா எல்லாம் என் வீட்டு அறையில பூட்டிக் கிடக்கு. சாவி என் இடுப்புல இருக்கு."

பொய் சொல்கிறான் என்று அவள் தீர்மானித்தாள். பொய் என்றால் கோபப்பட்டால் போதும். தின்னர் புட்டியும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு மதில் குறியைத் தோல் உரிகிற வேகத்தில் தேய்த்து அழித்தாள். அப்படியே கீழே இறங்கினாள்.

ஊர் மதிய உறக்கத்துக்குக் கதவடைக்கிற நேரம். சரிவெல்லாம் காட்டுப்புதினா வெயிலில் வதங்கி வாசமடித்தது, சிள்வண்டுகள் காதைத் துளைத்தன, தூரத்தில் எவருடைய மந்தையிலோ ஒரு மணி சோம்பலாகத் தட்டிக்கொண்டிருந்தது. அக்ரூட் மரத்தடிக் கல்லுக்கு வந்தபோது கல் வெறுமையாக இருந்தது. அழிந்துவிட்டதோ என்று சுற்றிப் போய்ப் பார்த்தாள். இருந்தது, மறுபுறத்தில். அதையும் தேய்த்து அழித்தாள். சிற்றாலயத்துச் சுவரிலும் அப்படித்தான், கீழ்ப்பக்கம் மட்டும். போகிறவருக்கு ஒன்று, திரும்புகிறவருக்கு ஒன்று என்று இருபக்கமும் போடுவதுதான் முறை. இருபத்தொரு வருஷம் ஸீஸிஸோடு குடித்தனம் பண்ணியவளுக்கு அது தெரியாதா? இந்தக் குறிகள் ஊரிலிருந்து இறங்குகிறவர் கண்ணில் படவே படாது. இடுக்கிலிருந்து ஏறி வருகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

சிற்றாலயத்துக் குறியை அவள் இன்னும் கோபமாகத் தேய்த்தாள். கை தேய்த்துக்கொண்டிருக்க, கண் அந்தச் சதுரத்தின் வலது ஓரத்தைப் பார்த்தது. ஓரம் கீழே இழுபட்டிருந்தது.

பிரஷ் நின்றது.

எத்தனை நேரமாக என்று தெரியவில்லை, சிள்வண்டுகள் கத்தவில்லை. மந்தை மணியும் இல்லை. காற்று நின்றுபோய், வெயில் தலைக்கு நேர் மேலே நின்றது. காட்டுப்புதினா வாசத்துக்கு அடியிலிருந்து வேறொன்று எழுந்தது. ஈரக்கல்லின் வாசம், வெயிலே படாத ஆழத்தின் வாசம், அதோடு புதுப் பெயின்டின் காரம். அந்தக் காரம் இடுக்குப் பக்கமிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது, வீட்டுப் பக்கமிருந்து.

திரும்பி ஓடினாள். மரத்தடியில் அவள் அழித்த இடத்தில் சிவப்பு மறுபடி ஈரமாக வழிந்துகொண்டிருந்தது. மதிலிலும். எட்டு மாதமாகச் சேர்த்து வைத்த கோபத்தில் ஒரு துளிகூட இப்போது உதவிக்கு வரவில்லை.

கீழறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினாள். மேல்தாழ். கீழ்த்தாழ். குறுக்குக் கட்டை. முதுகைக் கதவில் கொடுத்து நின்றாள். மேலே ரினியோ புரண்டு படுக்கும் சத்தம். கட்டில் கிறீச்சிட்டது. இருக்கிறாள். வீட்டில் இருக்கிறாள்.

வெளியே டப்பா ஒன்று கல்லில் வைக்கப்பட்டது. டக்.

"அசிமினா."

அவன்தான். புகையிலை கரகரப்போடு, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, அவனேதான். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் மேலங்கியை வாய்க்குள் திணித்துக் கடித்தாள். இன்னொரு தரம் கூப்பிடு. உயிரோடிருந்தால் இன்னொரு தரம் கூப்பிடு, பாவி.

கூப்பிடவில்லை.

கண்ணீர் வழிய, மூச்சை அடக்கி நின்றாள். நூறு எண்ணினாள். ஒன்றுமில்லை. தப்பித்தோம். வழக்கம் காப்பாற்றிவிட்டது. எந்த வழக்கத்தைக் காலையில் மேசையில் அறைந்து...

அவளுக்கு உறைத்தது. மாடியைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"ரினியோ."

அது அவள் குரலில்லை.

"வர்றேன்பா!"

முதல் கூப்பாட்டுக்கே. சொல் தட்டாத பிள்ளை.

மேலே வெறுங்கால்கள் ஓடின. வெளிப்படிக்கட்டுக் கதவின் தாழ் விலகியது. அசிமினா கட்டையை இழுத்தாள். நகம் பெயர்ந்தது. கீழ்த்தாழ். மேல்தாழ். கதவு திறந்தது.

முற்றத்தில் யாருமில்லை. படிக்கட்டில் யாருமில்லை. மட்டமத்தியான வெயில், நிழலே இல்லாத சரிவு, ஒரு இலைகூட அசையவில்லை.

மதிலின் உள்பக்கம், வீட்டைப் பார்த்து, சிவப்பாக ஒன்று. சரிவில் ஓடினாள். மரத்தடிக் கல்லில், மேல்பக்கம், ஒன்று. சிற்றாலயச் சுவரில். ஊற்றடியில். இடுக்கின் விளிம்பு வரைக்கும் கல்லுக்குக் கல், இறங்கிப் போகிறவருக்காக. எல்லாமே ஈரம். ஒரு சதுரத்தில்கூட ஓரம் இழுபடவில்லை. நான்கு பக்கமும் நேராக, அடிக்கோல் வைத்ததுபோல்.

"ரினியோ!" என்று அலறினாள் அசிமினா.

இரண்டாம் தரம் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

"என்னம்மா?" என்றது, இடுக்கின் அடியிலிருந்து.