ஹர்ஷினி இப்போது லைவில்!

"சார்... என் தங்கச்சியக் கொன்னுட்டாங்க!"

திருப்பதி போலீஸ் ஸ்டேஷன். புத்தூர்க்காரி கோதை மேஜையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். எஸ்.ஐ. ஜெபகுமார் தன் செல்போனை அவள் பக்கம் திருப்பினார்.

"இன்னாமா நீ? உன் தங்கச்சி ஹர்ஷினி இதோ லைவ்ல பேசிக்கினு கீது!"

திரையில் ஹர்ஷினி அலிபிரி மலைப்படிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தபடி சிரித்தாள்.

'அடுத்து என்ன?' ஆப்பின் கதாநாயகி அவள். தினமும் ஒரு கதை. எங்கே போவாள், யாரைப் பார்ப்பாள்... எல்லாம் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். நேற்று திருமலை ஜெயித்திருந்தது.

"அது அவ இல்ல சார்!"

"எப்டி சொல்ற?"

"எங்க நைனா செத்து அஞ்சு மாசந்தான் ஆவுது. வருஷம் திரும்பாம எங்க வீட்ல யாரும் மலை ஏற மாட்டோம். கோடி பேர் ஓட்டுப் போட்டாலும் அவ அந்தப் படிய மிதிக்க மாட்டா! செவ்வாக்கெழமலேர்ந்து அவ போனும் ஆஃப்!"

ஜெபகுமாரின் சிரிப்பு நின்றது.

அரை மணி நேரத்தில் ஆப் முதலாளி சம்பத் எதிரே வந்து உட்கார்ந்தான். கால் மேல் கால்!

"ஆமா சார், அது கம்ப்யூட்டர் பொம்மை. அவ குரல், மெசேஜ், போய் வர்ற இடம்... எல்லாம் அவ போன்லேர்ந்து தன்னால அதுக்குப் போய்க்கினே இருக்கும். அக்ரிமென்ட்ல அவளே கையெழுத்து போட்டுகீறா. தப்பா?"

"நெஜ ஹர்ஷினி எங்கய்யா?"

"போட்டி கம்பெனிக்குப் போறேன்னா. செவ்வாக்கெழம சென்னை பஸ் ஏத்தி உட்டேன். அவ்ளோதான்."

தாயில்லாத அந்தப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவள் கோதைதான்.

சட்டென்று ஜெபகுமாரின் செல்போனைப் பிடுங்கினாள். நேயர் கேள்வி பொத்தானை அழுத்தினாள்.

"ஹர்ஷு... அக்கா பேசறேன்டி. செவ்வாக்கெழம எங்க போன?"

திரையில் அவள் கண் சிமிட்டினாள். அதே குரல்!

"கங்காதர நெல்லூருக்கு அக்கா. சம்பத் சார் தோட்டத்து பம்ப்செட் கொட்டாய்."

சம்பத்தின் கால் கீழே இறங்கியது.

"அப்றம்?"

"அப்றம் எங்கயும் போவலக்கா... பேட்டரி தீர்ற வரைக்கும் அங்கதான் இருந்தேன்."

"நிறுத்துங்க சார் அதை!" சம்பத் அலறினான்.

மாலை நான்கு மணி. கொட்டகைத் தரையைத் தோண்டினார்கள். மூன்றடி ஆழத்தில் ஒரு வளையல் கை தெரிந்தது. கோதை அப்படியே மண்ணில் விழுந்து அழுதாள். தேற்றப் போன பெண் கான்ஸ்டபிளும் அழுதாள்.

ஜீப்பில் விலங்கோடு சம்பத்.

"சார்... பொம்ம பேசினதெல்லாம் கோர்ட்ல சாட்சியா எடுத்துக்க மாட்டாங்க!"

ஜெபகுமார் கதவை அறைந்து சாத்தினார்.

"பொம்ம வழிதான்யா சொல்லிச்சு... சாட்சிய நீயே பத்திரமா பொதச்சு வெச்சுட்டியே!"