மூச்சு கேட்காத ஆல்பம்

நான்காம் முறையும் கேட்டாயிற்று. ‘நாலு மணி மழை’ என்ற அந்த ஆல்பத்தின் நாற்பத்தோரு நிமிடங்களில், சாக்ஸபோன் வாசித்தவர் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. பியூலா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மதிப்புரையின் கடைசி வரிகளை அடித்தாள். ‘கேட்க இதமாக இருக்கிறது. அதுதான் சந்தேகமாகவும் இருக்கிறது. தீர்ப்பு: பொறி.’

சந்தேகப்படாமல் பியூலா ஒரு காபிகூடக் குடித்ததில்லை. இந்த வேலைக்கு அந்தக் குணம்தான் வேண்டியிருந்தது. பொறிகள் எழுதவும் பாடவும் வாசிக்கவும் தொடங்கி, எது யாருடையது என்றே தெரியாமல் போன பிறகு, மெய்யறி என்ற கருவி வந்தது. மனிதர்கள் இடறுவார்கள், தயங்குவார்கள், ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். அந்தத் தடங்களைத் தேடிப் பிடித்து, இதைச் செய்தது ஆளா பொறியா என்று அது சொல்லிவிடும். ஸ்மூத் ஜாஸிடம் மட்டும் அதன் பாச்சா பலிக்கவில்லை. தடுமாற்றமே தெரியாமல் வழவழவென்று வாசிப்பதுதானே அந்த இசையின் சாமர்த்தியம்? பொறிகள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர்களின் பதிவுகளைக்கூட மெய்யறி ‘பொறி’ என்று ஒதுக்கித் தள்ளியது. வேறு வழியில்லாமல் அந்த ஒரு வகையை மட்டும் மனிதக் காதுகளிடம் விட்டார்கள். சென்னைக்குப் பியூலாவின் காது.

அவள் மூச்சைத் தேடுவாள். ஊதுகிறவன் எங்காவது மூச்சு வாங்கித்தானே ஆகவேண்டும்? அது கேட்டால் ‘ஆள்’, கேட்காவிட்டால் ‘பொறி’. ‘பொறி’ முத்திரை விழுந்தவருக்கு ஓட்டலிலும் இடமில்லை, கல்யாண மண்டபத்திலும் இடமில்லை. ஏழு நாளுக்குள் அவளே திருத்தி எழுதினால்தான் முத்திரை நீங்கும்.

ஏழாம் நாள் காலை பதினொரு மணிக்கு, கையில் சாக்ஸபோன் பெட்டியோடு ஒருவர் அவள் அறைக்குள் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தார்.

“மேடம், நான்தான் அந்தப் பொறி. பெரம்பூர் கிளமென்ட் ரொசாரியோ.”

“வாய்க்குள்ள ஸ்பீக்கர் வெச்சுக்கிட்டு ஊதற மாதிரி நடிக்கறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்,” என்றாள் பியூலா.

“தாராளமா பாத்துக்குங்க. ரெண்டு பல்லு கட்டினது. அதைக் கழட்டச் சொல்லாதீங்க, ஊத முடியாது.”

பியூலா விடவில்லை. டார்ச் அடித்து வாயைப் பார்த்தாள். வாத்தியத்தின் குழலுக்குள் கைவிட்டுத் துழாவினாள். பெட்டியின் வெல்வெட் துணியைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். கிளமென்ட் பொறுமையாக நின்றார். பிறகு வாசித்தார்.

ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். ஓசை அறுபடவே இல்லை. அவருடைய கன்னங்கள் மட்டும் உப்பி உப்பி வற்றின. பியூலா தன் மேசையிலிருந்த காகிதத்தில் ஒரு நறுக்கைக் கிழித்து அவர் மூக்குக்குக் கீழே பிடித்தாள். கன்னம் வற்றும்போதெல்லாம் காகிதம் விருட்டென்று மூக்கோடு ஒட்டிக்கொண்டது. கன்னத்தில் அடக்கிய காற்று வாத்தியத்துக்குப் போய்க்கொண்டிருக்கையில், மனிதர் மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல்.

பியூலா காகிதத்தைக் கீழே வைத்தாள். “இதை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

“உங்ககிட்டதான்.” சட்டைப்பையிலிருந்து பழுப்பேறிய ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார்.

மெய்யறி வருவதற்கு முன்பு, பியூலா வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் எழுதியது. ‘ரொசாரியோ வாசிப்பதைவிட மூச்சு வாங்குவதுதான் அதிகம். மாடிப்படி ஏறுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.’

“பதினோரு வருஷம் மேடம். தண்ணி டம்ளர்ல ஸ்ட்ராவைப் போட்டு, விடாம ஊதி ஊதிப் பழகினேன். வீட்ல என்ன சோடா கம்பெனியா நடத்தறேனு என் பொண்டாட்டி திட்டுவா. உங்களுக்குக் கேக்கக் கூடாதேனுதான் பழகினேன்.”

பியூலாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஒரே மூச்சில் திருத்தம் எழுதினாள். இந்த ஆல்பம் அற்புதம், இதை வாசித்தது மனிதர், நான் என் கண்ணால் பார்த்தேன், மன்னிக்க வேண்டும். எழுதி அனுப்பினாள்.

மெய்யறி அதைத் திருப்பி அனுப்பியது. ‘இது பியூலா எழுதியதல்ல. பொருத்தம் பதினொரு சதவீதம்.’

அவள் பெயரில் வேறு யாரும் எழுதிவிடக் கூடாதென்று, அவளுடைய எழுத்தையும் பழைய எழுத்தோடு ஒப்பிட்ட பிறகே அச்சுக்கு விடுவார்கள். அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவளே அவள்தான். இரண்டாம் முறை எழுதினாள். ஒன்பது சதவீதம். மணி நான்கு ஆகிவிட்டது. ஐந்துக்குள் போகாவிட்டால் கிளமென்ட்டின் முத்திரை முத்திரைதான்.

பத்திரிகை ஆசிரியர் சடகோபன் வந்து எட்டிப் பார்த்தார். “என்ன மேடம், உங்க எழுத்தாவே இல்லையே. ஒரு இடத்துலகூட நீங்க சந்தேகப்படலை.”

“நான்தான் சார் எழுதினேன்.”

“நீங்க எழுதினதை யாராவது பார்த்தாங்களா?”

வெளியிலிருந்து கிளமென்ட், “கண்ணாடி வழியா நான் பாத்தேன் சார்,” என்றார்.

“பொறி லிஸ்ட்ல இருக்கறவங்க சாட்சி செல்லாதுங்க,” என்றார் சடகோபன். சொல்லிவிட்டுப் பியூலாவை மேலும் கீழும் பார்த்த பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அதே பார்வையோடுதான் காலையில் அவள் கிளமென்ட்டின் வாய்க்குள் டார்ச் அடித்திருந்தாள். “பேசாம ஒரு சந்தேகத்தைச் சேருங்க.”

“அந்த ஆள்மேல ஒரு வரி சந்தேகம் சேர்த்தாலும் அது திருத்தமே இல்லையே.”

எழுதியதை முழுக்க அழித்தாள். பிறகு மளமளவென்று அடித்தாள். ‘ரொசாரியோ மீது சந்தேகமில்லை. எனக்குச் சந்தேகம் இந்த மதிப்புரையாளர் மீதுதான். மூச்சு கேட்டபோது குறை சொன்னவள், கேட்காதபோதும் குறை சொன்னாள். இவள் காதை எதற்கு நம்ப வேண்டும்?’

சடகோபன் பதறினார். “மேடம், வேணாம். தன் காதையே சந்தேகிச்சா அத்தனை தீர்ப்பும் ரத்தாயிடும். அறுநூறு ஆல்பம். உங்க வேலையும் போயிடும்.”

பியூலா அனுப்பினாள். மெய்யறி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ‘இது பியூலா எழுதியதே. பொருத்தம் நூறு சதவீதம்.’

ஐந்தரை மணிக்கு, வேலை போன அவளும் முத்திரை நீங்கிய கிளமென்ட்டும் கீழே இருந்த காபிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் வேறொரு ஆல்பத்தின் சாக்ஸபோன் இதமாக ஒலித்தது. கல்லாவுக்கு மேலே மின்பலகையில், அந்த ஆல்பத்தின் பெயருக்கு எதிரே ‘ஆள்’ என்றிருந்தது அழிந்து, ‘தெரியவில்லை’ என்று வந்தது. அடுத்த மேசைக்காரர் காபியை வைத்துவிட்டு ஒலிபெருக்கியை முறைத்தார்.

கிளமென்ட் கண்ணை மூடிக் கேட்டார். “மூச்சு நல்லா கேக்குது,” என்றார்.

பியூலாவும் கேட்டாள். ஒரு மூச்சு. ஒன்பது விநாடி கழித்து இன்னொன்று. அதே அளவு, அதே சத்தம். மறுபடியும் ஒன்பது விநாடி.

“ஆஸ்பத்திரில மெஷின் வெச்சு விடற மூச்சுதான் மேடம் இவ்ளோ கரெக்டா வரும்,” என்று கிளமென்ட் சிரித்தார்.

பியூலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் அந்த மூச்சைத்தான் அவள் இரண்டு பத்தி புகழ்ந்து எழுதியிருந்தாள்.