டிவியின் ஓரத்தில்

படத்தின் நான்கு ஓரங்களும் வெட்டுப்பட்டிருந்தன. மடிக்கணினியின் திரை உடைந்துபோனதால் அதை ஹால் டிவியோடு கேபிளில் இணைத்திருந்தாள். படம் வந்தது, ஆனால் கீழே இருக்கவேண்டிய கடிகாரமும் பக்கவாட்டு ஐகான்களும் டிவியின் சட்டத்துக்குள் ஒளிந்துகொண்டதுபோல் பாதிதான் தெரிந்தன. டிவித் திரையில் வெயில் அடிக்காமல் இருக்க ஜன்னலைச் சாத்தியிருந்தாள். அறையில் சூடேறிய தூசியின் வாடை. டிவிக்குள்ளிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ முனகுவதுபோல ஓர் ஓசை.

கணவர் போய் இரண்டு மாதம். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அவள் அழவில்லை. "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று உறவினர்கள் காதுபடவே பேசினார்கள். மகளைத் தம்பி தன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தான். ஸ்டூடியோக்களுக்குப் புகைப்படங்களைத் திருத்தித் தரும் வேலையை மட்டும் அவள் கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது.

தம்பியை போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"கம்ப்யூட்டர்ல எதையும் தொடாதக்கா. கோளாறு டிவிலதான். சினிமா பாக்குற மாதிரி நெனச்சு அது படத்தைப் பெருசாக்கி ஓரத்தை வெட்டுது. ரிமோட்ல மெனு போ, படத்தோட அளவை மாத்து."

மாற்றினாள். படம் ஒரு விரற்கடை உள்ளே சுருங்கியது. கடிகாரம் வந்தது. ஐகான்கள் வந்தன.

ஐகான்களுக்குப் பின்னணியில் கணவரின் கடைசிப் படம். வலது ஓரமாக நின்றிருந்தார். தோள் இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

தோளின்மேல் ஒரு கை.

வெளிறிய, நகமே இல்லாத விரல்கள். தினமும் மடிக்கணினியில் பார்த்த படம். இந்தக் கை இருந்ததில்லை. ஒட்டுவேலையா என்று தொழில் கண்ணால் பார்த்தாள். இல்லை. நிழல் சரியாக விழுந்திருந்தது. சட்டைத்துணி விரல்களுக்கடியில் கசங்கியிருந்தது.

அவருடைய பழைய படங்களைத் திறந்தாள். போன வருடத்துப் படத்தில் ஓரத்தில் விரல்நுனிகள் மட்டும். அடுத்ததில் மணிக்கட்டு. அதற்கடுத்ததில் முழங்கை. ஒவ்வொன்றிலும் அவரை நெருங்கி.

பிறகு, காலையில் தம்பி அனுப்பிய மகளின் படம்.

காதோரம். விரல்கள்.

"பாப்பா எங்கடா?"

"உள்ரூம்ல வெளையாடுறா."

"யாரோட?"

"தனியாத்தான். ஏன்க்கா?"

"அவளைத் தூக்கிட்டு வெளில வா."

கத்தத்தான் நினைத்தாள். பால்காரரிடம் கணக்குச் சொல்வதுபோல் குரல் தட்டையாக வந்தது. இரண்டு மாதமாக அந்த ஒரே குரல்தான் அவளிடம் இருந்தது.

தம்பி சிரித்தான். "தூக்குற வயசாக்கா அவளுக்கு? இரு, ஒரு போட்டோ எடுத்து அனுப்புறேன். பாத்துட்டு நிம்மதியா இரு."

செருப்புச் சத்தம். கதவு. மகளின் சிரிப்பு.

டிங்.

கையிலிருந்த போனில் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து மகள் அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வேறெதுவும் இல்லை.

அதையே மடிக்கணினிக்கு அனுப்பி டிவியில் திறந்தாள்.

"பாத்தியாக்கா? எவ்வளவு சந்தோஷமா இருக்கா!"

மேல் ஓரத்திலிருந்து இரண்டு கைகள். மகளின் கன்னங்களை இருபுறமும் ஏந்தி. முகத்தை மேலே திருப்பி.

திறந்த வாய்க்குள் ஒரு கட்டைவிரல், பாதிவரை.